கடைசி லாரி போன பிறகு

தருமபுரி மாவட்டத்தில் இண்டூரைக் கடந்து பென்னாகரம், ஒகேனக்கல் என்று மேற்கே போகப் போக வயல்கள் குறைந்து காடு கூடும். தார்ச்சாலையின் இரு பக்கமும் செம்மண் தடங்கள் பிரிந்து மரங்களுக்குள் நுழையும். சில மாட்டுத் தடங்கள். மேய்ச்சல் போகிற போக்கில் வளைந்து வளைந்து போகும். சில யானைத் தடங்கள். இன்னும் சில தனி ரகம். ஒரு லாரி அகலத்துக்குச் சரிவை வெட்டி, ஓடை குறுக்கிடும் இடத்தில் கல் பரப்பி, எந்த ஏற்றத்திலும் திடுமென்று நிமிராமல், குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே போகும். அவை கூப்பு ரோடுகள். வனத்துறை மரம் வெட்டக் குறித்துக் கொடுத்த பகுதியிலிருந்து கட்டைகளை வெளியே கொண்டுவரப் போட்டவை.

மரம் ஏற்றப் போட்ட பாதையை அதன் சரிவைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காட்டுக்குள் போகும் வண்டி வெறும் வண்டி. திரும்பும் வண்டிதான் பாரவண்டி. ஆகவே பாரத்தோடு இறங்கும் திசையில் சரிவு கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்வார்கள். பாரத்தோடு ஏற வேண்டிய இடம் வந்தால் பாதையை நீட்டிச் சுற்றியாவது ஏற்றத்தைக் குறைப்பார்கள். மரம் எந்தப் பக்கம் போனது என்பது மண்ணில் அப்படியே பதிந்து கிடக்கிறது. இந்தப் பக்கத்து ஆச்சா, இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. தண்ணீரில் போட்டால் மூழ்கும். அப்படிப்பட்ட கட்டையை மாட்டு வண்டியில் ஏற்றியவர்களுக்கு ஒவ்வொரு அடி ஏற்றமும் கணக்குதான்.

தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. 1860களின் தொடக்கத்தில் சென்னை ரயில் பாதை சேலம் வழியாக மேற்குக் கடற்கரை நோக்கி நீண்டபோது, தண்டவாளத்துக்கு அடியில் போடும் குறுக்குக் கட்டைகளுக்கும், எஞ்சினில் எரிக்கும் விறகுக்கும் சுற்றுவட்டாரக் காடுகள் கைகொடுக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தின் முதல் காடுகள் காவலராக 1856-ல் அமர்ந்த ஹ்யூ கிளெக்ஹார்ன், ரயிலின் பசிக்கு இந்தக் காடுகள் தாங்குமா என்று அப்போதே கவலைப்பட்டார். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு காப்புக்காடு ஆனது; வெட்டுவதற்கு முறை வந்தது; வெட்டியதை இறக்கத் தடங்களும் பெருகின.

இன்று அந்தத் தடங்களில் கட்டை வருவதில்லை. ஜீப்பும் பைக்கும் வரப் பார்க்கின்றன. ஊர் ஊராகக் கூடாரத்தோடு வண்டி ஓட்டிப் போகும் ஓவர்லேண்டிங் பழக்கம் நம் இளைஞர்களையும் பிடித்திருக்கிறது. அந்த ஆசை பெருகிய வட அமெரிக்காவில் மரம் வெட்டப் போட்ட பாதைகளுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்க வனத்துறையின் கையில் இருக்கும் சாலைகள் மட்டும் சுமார் 6 லட்சம் கிலோமீட்டர். நிலநடுக்கோட்டை ஏறக்குறைய 15 முறை சுற்றிவரும் நீளம். இரு பக்கமும் பைன் மரங்கள், நடுவே மண் பாதை, தூரத்தில் பனிமூட்டம் என்று அங்கே எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஓர் இடம் நமக்குப் பக்கத்தில் இல்லையா என்று தேடுகிறார்கள். இருக்கிறது. இண்டூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, கொடைக்கானலிலிருந்து பேரிஜம் போகும் வழியில்.

அந்தப் பாதையில் போகிறவர்கள் மரங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது.

முதலில் அந்த மரங்களைப் பற்றி. இண்டூர்க் காட்டில் பைன் இல்லாததற்கு வெயில் மட்டும் காரணமில்லை. தீபகற்ப இந்தியாவுக்கே பைன் சொந்தமில்லை. இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும் சில வகைப் பைன்கள் இயல்பாக வளர்கின்றன. அங்கிருந்து தெற்கே வர விந்தியமும் தக்காணமும் வழிவிடவில்லை. கடலுக்கு அப்பால் சுமத்ராவில் ஒரு பைன் வகை நிலநடுக்கோட்டையே இயற்கையாகத் தாண்டி நிற்கிறது. உலகத்துப் பைன்களில் அது ஒன்றுதான் அப்படி. ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு பைன்கூட வந்து சேரவில்லை. கூம்புகாய் மர வகையில் நமக்குச் சொந்தம் என்று சொல்ல, தென்கோடி மலைகளின் மழைக்காட்டில் வளரும் போடோகார்பஸ் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்று உண்டு. அதற்கு ஊசி இலை கிடையாது, பட்டை இலை. பார்த்தால் பைனுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே கொடைக்கானலில் நிற்கும் ஒவ்வொரு பைனும் கையால் நட்டது, அல்லது நட்டதன் விதையில் முளைத்தது. பிரையண்ட் பூங்காவுக்குப் பெயர் தந்த வன அதிகாரி எச். டி. பிரையண்ட் 1906-ல் பைன் தோப்பைத் தொடங்கினார் என்பது கொடைக்கானலில் எல்லோரும் சொல்லும் வரலாறு. பிற்பாடு பரவலாக நடப்பட்ட பாட்டுலா பைனுக்குத் தாயகம் மெக்சிகோ. கொடைக்கானலின் குளிரும் மூடுபனியும் மெக்சிகோ மலைகளை ஒத்திருந்ததால் அது ஊன்றிக்கொண்டது.

குளிர் மட்டும் போதாது, இன்னொரு துணையும் வேண்டும். பைன் தனியாக வாழத் தெரியாத மரம். அதன் வேர் நுனிகளைச் சில பூஞ்சைகள் உறைபோல் மூடிக்கொண்டு, மண்ணிலிருந்து பாஸ்பரஸையும் நீரையும் எடுத்துத் தருகின்றன. பதிலுக்கு மரம் சர்க்கரை தருகிறது. அந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில் பைன் நாற்று மஞ்சளடித்துக் குட்டையாகவே நின்றுவிடும். போர்ட்டோ ரிக்கோ தீவில் 1950கள் வரை நட்ட பைன் எல்லாம் இப்படித்தான் வீணாயின. வட கரோலினாவின் பைன் காட்டிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து நாற்றின் வேரடியில் கலந்த பிறகே அங்கே பைன் தழைத்தது. நம் மலைகளிலும் மழைக்குப் பிறகு பைன் தோப்பில் முளைக்கும் வழவழப்பான பழுப்புக் காளான்கள் இந்த உறவின் வெளித்தோற்றம். மரத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டாளியும் கடல் தாண்டி வந்திருக்கிறது.

நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? பெரும்பாலும் புல். மடிப்புகளில் சோலை, மேட்டில் புல்வெளி என்பதுதான் பழனி மலை உச்சியின் அமைப்பு. வெறும் புல் கிடக்கிறதே, இது பாழ்நிலம், மரம் நட்டால் பயன்படும் என்று ஆங்கிலேயர் எண்ணினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. தோல் பதனிட வாட்டில், செயற்கைப் பட்டு இழைக்கு யூக்கலிப்டஸ், மென்கட்டைக்குப் பைன் என்று நட்டுக்கொண்டே போனார்கள். புல்வெளி பாழ்நிலம் இல்லை என்று அறிவியல் காட்டியது மிகப் பிந்தி. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிய மக்கு மண்ணை இராமன் சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் ஆராய்ந்து, 1993-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புல்லும் மரமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு; செத்து மக்கிய பிறகும் அந்த வேறுபாடு கார்பன் அணுக்களின் விகிதத்தில் தங்கிவிடும். அதை அளந்தபோது, அங்கே 20,000 ஆண்டுகளாகவே புல் இருந்து வந்திருப்பது தெரிந்தது. மழை கூடிய காலத்தில் மரம் முன்னேறியது. குறைந்த காலத்தில் புல் முன்னேறியது. மனிதன் கோடரி தூக்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே தொடங்கிய இழுபறி அது.

அந்தப் புல்வெளியில் பழனி மலையில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் காணாமல் போய்விட்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வந்த ஆய்வு இதைச் சொல்கிறது. விழுங்கியவை பெரும்பாலும் மரத்தோட்டங்களும் விவசாயமும். குறிஞ்சி பூப்பது புல்வெளியில்தான். 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். பூக்க அதற்கு இடம் வேண்டும்.

இனி பாதைக்கு வருவோம். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைத் தொட்டு, வந்தரவு மலையடி வழியாக டாப் ஸ்டேஷன் போய், மூணாறில் இறங்கும் ஒரு ரோடு இருந்தது. நீளம் சுமார் 80 கிலோமீட்டர். 1920களில் சென்னை ஆளுநராக இருந்த கோஷன் பிரபுவின் பெயரால் கோஷன் ரோடு என்று அழைத்தார்கள். அதன் உச்சி சுமார் 2,480 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இவ்வளவு உயரத்தில் வண்டி ஓடிய சாலைகள் மிகச் சில. 1942-ல் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னை நகரின் பெரும்பகுதி காலியானது. கடற்கரையில் ஜப்பான் இறங்கிவிட்டால் மலை வழியாகக் கொச்சிக்குத் தப்பிப் போக வேண்டும் என்று இந்த ரோட்டை அகலப்படுத்தினார்கள். அதனால்தான் இன்றும் அதற்குத் தப்பிக்கும் ரோடு என்ற பொருளில் எஸ்கேப் ரோடு என்று பெயர். தப்பிக்க வேண்டிய நாள் வரவில்லை. பிறகு மலைக்கு வந்துபோகும் வண்டிகளும் தோட்டத்து மரமும் அதில் போயின. 1990-ல் மூடப்பட்டது. இப்போது பேரிஜம் வரை மட்டும் வனத்துறை அனுமதிச் சீட்டோடு போகலாம்.

மூடிய ரோடு என்ன ஆகும்? புல் முளைத்து, செடி முளைத்து, சீக்கிரமே காடு ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. மேலே பச்சை மூடலாம். அடியில் ரோடு ரோடாகவே இருக்கும்.

காட்டின் மேல்மண்ணைக் கையில் அள்ளினால் அதில் பாதிக்கு மேல் மண்ணே இல்லை. காற்றும் நீரும் நிற்கும் இடைவெளி. வேர் செத்து விட்டுப்போன குழாய்கள், மண்புழு போட்ட சுரங்கங்கள், கறையான் வளைகள் எல்லாம் சேர்ந்த இடைவெளி அது. நல்ல இட்லியைப் போல. இட்லியைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டால் அது பழையபடி எழும்புமா? மண்ணும் அப்படித்தான். இயல்பான காட்டு மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் அளவில்தான் எடை இருக்கும். லாரி ஓடிய தடத்தில் அது 1.6 கிராமுக்கும் மேலே போகும். அந்த இறுக்கத்தில் பெரும்பாலான மரங்களின் வேர் நுழையத் திணறும். நீர் இறங்குவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஈரமண்ணில் இந்த அமுக்கத்தின் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று ஓட்டத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் வேதனை. நூறாவது லாரி செய்யும் சேதம் முதல் லாரி செய்ததைவிட மிகக் குறைவு. ஆகவே 'ஒரே ஒரு தடவை இந்தப் புல்லுக்குள் இறக்கிப் பார்ப்போம்' என்று ஜீப்பைத் திருப்புகிறவர்தான் அதிகச் சேதம் செய்பவர்.

மண் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்? பிரான்சில் ஒரு காடு. அதற்குள் ரோமானியர் காலத்துப் பண்ணைகள் இருந்தன, கி.பி. 50 முதல் 250 வரை உழுதார்கள். பிறகு விட்டுவிட்டுப் போனார்கள், மரம் மூடிவிட்டது. 2002-ல் வெளிவந்த ஆய்வில், உழவு நடந்த இடத்துச் செடிகளும் மண்ணின் சத்தும் உழாத இடத்திலிருந்து இன்றும் வேறுபட்டிருப்பதைக் காட்டினார்கள். ஏறத்தாழ 1,800 ஆண்டு இடைவெளிக்குப் பிறகும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஓடத் தொடங்கி, 1913-ல் ஓசூர் வரை நீண்ட சிறிய ரயில், போருக்கு இரும்பு வேண்டும் என்று 1941-ல் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாதைக்காகக் கொட்டிய கரையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை.

கரைக்கும் வெட்டுக்கும் இன்னொரு வேலை உண்டு; அது தண்ணீரைப் பற்றியது. மலைச்சரிவில் பெய்த மழை உடனே ஓடையில் சேர்வதில்லை. இடைவெளிகளில் இறங்கி, பாறைக்கு மேலே மண்ணுக்குள்ளேயே மெல்ல நகர்ந்து, நாட்கணக்கில் கழித்து ஊற்றாக வெளியே வரும். ரோடு போட மலையை வெட்டினால், அந்த வெட்டு முகத்தில் நிலத்தடி நீர் வெளியே கசியும். கசிந்தது பக்க வாய்க்காலில் ஓடும். வாய்க்கால் சிறுபாலத்தில் சேரும். அங்கிருந்து ஒரே பாய்ச்சலாக ஓடையில் விழும். நாட்கணக்கில் வர வேண்டிய நீர் மணிக்கணக்கில் வந்து போய்விடுகிறது. மழைநாளில் ஓடை பொங்குவதற்கும், கோடையில் அதே ஓடை வற்றுவதற்கும் ரோடு ஒரு காரணம். மரத்தோட்டம் இன்னொரு காரணம்: நீலகிரியின் கிளென்மார்கனில் புல்வெளிச் சரிவில் யூக்கலிப்டஸ் நட்டு, மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தது. முதல் சுற்று மரம் வளர்ந்த காலத்தில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்திருந்தது.

பேரிஜம் ஏரியின் நீர் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீர். மேலே ரோட்டில் கரையும் மண் அந்த ஏரிக்குத்தான் வரும். எவ்வளவு கரையும்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லெஸ்லி ரீட், தாமஸ் டன் என்ற இருவர் மழையில் மரலாரிச் சாலைகளில் ஓடிய நீரைப் பிடித்து மண்ணை நிறுத்துப் பார்த்து, 1984-ல் வெளியிட்டார்கள். லாரிகள் அடிக்கடி ஓடும் ரோட்டிலிருந்து போகும் மண், கைவிட்ட ரோட்டிலிருந்து போவதைப்போல் 130 மடங்கு. மழை அதே மழை, சரிவு அதே சரிவு. சக்கரம்தான் வேறு. சக்கரம் ஓடும்போது கல் நொறுங்கித் தூளாகிறது. அடியில் இருக்கும் நுண்மண் சேறாகப் பிதுங்கி மேலே வருகிறது. அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போகிறது. வண்டி நின்றுவிட்டால் மேல்பரப்பில் சிறுகல் மட்டும் மிஞ்சி ஒரு கவசம் போட்டுக்கொள்ளும். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், மூடிய ரோட்டை மூடியே வைப்பது ஏன் நல்லது என்பது விளங்கும். கொடைக்கானல்–மூணாறு ரோட்டைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. திறக்கக் கூடாது என்பதே என் முடிவு. அந்தப் பாதை இன்று கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்கும், கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்கும் ஊடே போகிறது. மூணாறு போக வேறு ரோடு இருக்கிறது.

திறந்திருக்கும் மண் ரோடுகளில் ஓட்டுகிறவர்கள் ஒரு விந்தையைத் தினமும் பார்க்கிறார்கள். யாரும் வெட்டாமலேயே ரோட்டின் குறுக்கே ஒரே சீரான அலைகள் விழுந்திருக்கும். வண்டி தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் துள்ளுவதால்தான் இது வருகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். நிக்கோலா தபெர்லே, ஸ்டீபன் மாரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் ஆகிய மூவர் வட்டமாகச் சுழலும் மணல் மேடையில் ஒரு சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாத கெட்டிச் சக்கரத்திலும் அலை எழுந்தது. சக்கரத்துக்குப் பதிலாகச் சும்மா ஒரு தகட்டை இழுத்தாலும் எழுந்தது. மணல் பரப்பில் தற்செயலாக ஒரு சிறு மேடு. சக்கரம் அதில் ஏறித் துள்ளி, விழும் இடத்தில் குழி பறிக்கிறது. பறித்த மண் அடுத்த மேடாகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே மட்டும் பரப்பு தட்டையாகவே இருந்தது. நிஜ ரோட்டில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர்தான். ஆக, நாம் ஓட்டும் எந்த வேகமும் அலையை வளர்க்கும் வேகமே. மெதுவாகப் போனால் மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

வேகத்தில் தப்ப வழியில்லை. டயரில் அடைக்கும் காற்று விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடலாம். டயருக்குள் இருக்கும் அழுத்தமும், டயர் தரையை அழுத்தும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு டன் ஜீப்பில் 35 பவுண்டு காற்று இருந்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். 18 பவுண்டாக இறக்கினால் டயர் பரந்து 400-ஐ நெருங்கும். மண் மீது அழுத்தம் பாதியாகும். சேற்றில் புதையாமல் இருக்க அனுபவசாலிகள் காற்றை இறக்குவது இதற்காகத்தான். மண்ணுக்கும் அது நல்லது. திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கெடும். மரலாரியின் டயரில் 100 பவுண்டுக்கு மேல் இருக்கும். கூப்பு ரோடு ஏன் அவ்வளவு இறுகியது என்று இப்போது புரியும்.

இதே கணக்கை ஒகேனக்கல் பக்கத்து யானைக்குப் போட்டுப் பாருங்கள். யானையின் முன்னங்காலைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வரும். தடம் பார்க்கிறவர்களுக்கு இது பழைய கணக்கு. இரண்டரை மீட்டர் உயர யானைக்குக் காலின் சுற்றளவு ஒன்றேகால் மீட்டர். பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. மூன்று டன் யானை நான்கு காலில் நிற்கும்போது தரையில் ஊன்றும் அழுத்தம், 35 பவுண்டு ஜீப்பின் அழுத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு. உள்ளங்காலில் இருக்கும் கொழுப்பு மெத்தை அந்தப் பாரத்தைச் சீராகப் பரப்பிவிடுகிறது. நம் காட்டின் மிகக் கனமான விலங்கு, நம் வண்டியைவிட மென்மையாக மண்ணை மிதிக்கிறது.

ரோட்டை வெறுப்பதற்கு விலங்குகளுக்குக் காரணம் இருந்தும் அவை அதில் நடக்கின்றன. புலியும் சிறுத்தையும் செந்நாயும் இரவில் வண்டித்தடத்தையே தேர்ந்தெடுக்கும். புதரை விலக்கும் வேலை மிச்சம், காலடிச் சத்தமும் கேட்காது. புலிக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராக்களைக் காட்டு ரோட்டின் ஓரம் கட்டுவது இதனால்தான். ஐரோப்பாவில் வயிறு மஞ்சளாக இருக்கும் ஒரு தேரை இனம், ஆற்று வெள்ளம் விட்டுப்போகும் குட்டைகளில் முட்டையிட்டு வாழ்ந்தது. ஆறுகளைக் கரைகட்டி அடக்கிய பிறகு, காட்டு ரோட்டில் சக்கரம் பதிந்த பள்ளத்து நீரையே பிள்ளைப்பேற்றுக்கு நம்பியிருக்கிறது. கைவிட்ட தடத்தில் தேங்கிய நீரைப் பார்த்தால் நடுவே ஓட்டிச் சேற்றை வாரியடிக்கத் தோன்றும். தோன்றினாலும் ஓரமாகப் போங்கள்; அந்தச் சேற்றில் ஏதாவது ஒன்று முட்டையிட்டிருக்கும்.

பைன் தோப்புக்குள் நின்றால் முதலில் உறைப்பது அதன் தரை. ஊசி இலைகள் மெழுகு பூசியவை, லிக்னின் மிகுந்தவை, எளிதில் மக்காது. அடுக்கடுக்காகச் சேர்ந்து மழையில் வழுக்கும், கோடையில் பற்றிக்கொள்ளும். ஆனாலும் வயதான பைன் தோப்பின் நிழலில், பக்கத்தில் ஒரு சோலை மிச்சமிருந்தால், பறவை போட்ட விதையில் சோலைக் கன்றுகள் முளைப்பதைப் பழனி மலையில் பார்க்கலாம். வட்டக்கானலில் தங்கிச் சோலை நாற்றுகளை வளர்த்த பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்காரும் இதைக் கண்ணாரக் கண்டு எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார்கள். அப்படிப்பட்ட தோப்பை மொத்தமாக வெட்டினால் கன்றும் போய்விடும். புல்வெளியில் புதிதாக முளைத்துப் பரவும் பைனையோ உடனே பிடுங்க வேண்டும். ஒரே மரம், ஓரிடத்தில் விட்டுவைக்க வேண்டும், ஓரிடத்தில் பிடுங்க வேண்டும். வெட்டுவதற்கும் வரம்பு வந்துவிட்டது. கூடலூர்க் காடுகளுக்காக டி. என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் நாடு முழுவதும் மரவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. அதற்குப் பிறகு காட்டில் லாரிச் சத்தம் வெகுவாகக் குறைந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி இயல்பான நிலத்தை மீட்கத் தனிக் கொள்கை வெளியிட்டது. அந்த வேலைக்குப் பழைய கூப்பு ரோடுகளே மறுபடி தேவைப்படும். போகிற வண்டி குறைவாகவும், போகிற காரணம் சரியாகவும் இருந்தால் அதில் தவறில்லை.

கடைசியாக, இண்டூரையும் பேரிஜத்தையும் நேராக இணைக்கும் ஒன்று. பெர்லினில் ஆய்வாளர்கள் நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைகளுக்குள் தரையில் விதைப்பொறிகளை வைத்தார்கள். சுரங்கத்துக்குள் செடி கிடையாது. உள்ளே விழும் விதை எல்லாம் வண்டி கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும். சேர்ந்ததை முளைக்கப் போட்டால் இருநூறு வகையை ஒட்டி முளைத்தன. தருமபுரிச் சாலையோரம் முழுக்கப் பார்த்தீனியம் நிற்கிறது. 1950களில் இந்தியாவில் முதலில் கண்ணில் பட்ட இந்தச் செடி, ஒன்றே 15,000 விதைக்கு மேல் போடும். விதை மணல் துகள்போல் சிறியது, ஈரச் சேற்றோடு டயரின் பள்ளத்திலும் மட்கார்டின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். உண்ணிச்செடியின் பழத்தைப் பறவை சுமக்கிறது; பார்த்தீனியத்தை நாம் சுமக்கிறோம். புதிதாக வெட்டி வெயில் விழும் ரோட்டோரம்தான் அதற்கு ஏற்ற இடம்.

ஆகவே கொடைக்கானலுக்குக் கிளம்பும் முன் இண்டூரிலேயே வண்டியின் அடிப்பகுதியையும் டயரையும் நன்றாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி கழுவுங்கள். அங்கிருந்தும் எதையும் இங்கே கொண்டுவர வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மண் ரோட்டில் இறங்காதீர்கள். பழைய தடத்தை விட்டுப் புல்லுக்குள் ஒரு சக்கரம்கூட வைக்காதீர்கள். பைன் தோப்பில் நெருப்பு மூட்டாதீர்கள். இதே மலைத்தொடரில் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் காட்டுத்தீ மலையேறிகள் 20 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. பென்னாகரம் காட்டுத் தடமானாலும் பேரிஜம் வழியானாலும் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். பேரிஜத்துக்கு ஒரு நாளில் விடும் வண்டிகளுக்குக் கணக்கு உண்டு. யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு வாயிலே திறக்காது. அப்படிப்பட்ட நாளில் திரும்பி வந்துவிடுங்கள்.